ஏற்றத்தில் மூடும் விளக்குகள்

மாட்டுப்பட்டி
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கற்பகம் எழுதுவது. நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். மீனாட்சிபுரத்தில் நீங்கள் ஒற்றை ஆளாக என்ன சமைத்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் என் கவலை. காது போனவனுக்குப் போன் எதற்கு என்று அதையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். உங்களைத் திட்டுவதற்குக்கூட நான் தபால் ஆபீசுக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த முறை ஒரு காரியமாக எழுதுகிறேன். தேயிலை பாக்டரி வேலை போனதிலிருந்து அவர் ரிஜோ சாரின் ரிசார்ட்டில் டிரைவராக இருப்பது உங்களுக்குத் தெரியும். சார் இப்போது ஒரு பழைய காரை வாங்கி வந்திருக்கிறார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனதாம். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. விருந்தாளிகளை அதில் ஏற்றி வட்டவடை வரை சுற்றிக் காட்ட வேண்டும் என்பது சாரின் ஆசை.

அதன் முன்விளக்குகள் வெளியே தெரியாது. பானெட்டுக்குள் படுத்திருக்கும். ஸ்விட்சை இழுத்தால் தவளை கண் முழிப்பது போல இரண்டும் மேலே எழும்பும். எழும்பிய பிறகுதான் எரியும். தூக்குவதற்கு மோட்டார் ஒன்றும் இல்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறதே, அந்த இழுப்பிலேயே தூக்கிக்கொள்கிறதாம். நிற்கும்போது ஒழுங்காக எழும்புகிறது. ஏற்றத்தில் போனால் புதுப்பெண் மாதிரி மெல்லத் தலையைக் குனிந்து மூடிக்கொள்கிறது. வயர் எல்லாம் பார்த்தாயிற்று.

"ஒங்க அண்ணன் ஊரு மாட்டுக்கெல்லாம் போடுற கறவை மெசினும் இந்த இழுப்புலதான ஓடுது? மச்சானுக்கு ஒரு கடுதாசி போடு புள்ள" என்றார் அவர். பக்கத்து வீட்டு சாந்தம்மாள் அக்கா, என்னோடு கொழுந்து கிள்ளுகிறவர், இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கார்ல பால் கறக்கப் போறீகளா?" என்கிறார். அக்கா கிடக்கிறார். நீங்கள் வழி சொல்லுங்கள்.

உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
கற்பகம்


மீனாட்சிபுரம்
18 ஜூன் 2024

அம்மிணி கற்பகத்துக்கு,

அண்ணன் சின்னமுத்து. சோறும் ரசமும்தான் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. போன வாரம் ஒரு வீட்டில் பசு முட்ட வந்தபோது, "ஏனுங்க, நவுருங்க, நவுருங்க" என்று வீட்டுக்காரம்மா தொண்டை கிழியக் கத்தினார்களாம். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தொடையில் ஒரு வீக்கம், அது வற்றிவிட்டது.

மாப்பிள்ளை சொன்னது சரி. இரண்டும் ஒரே கதைதான். இன்ஜின் சும்மா ஓடும்போது இழுப்பு பலமாக இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுப்பு செத்துப்போகும். ஏற்றம் என்றால் மிதித்துத்தானே ஆக வேண்டும்? அதற்காகத்தான் இழுப்பை எங்கேயாவது ஒரு தொட்டியில் சேமித்து வைத்திருப்பார்கள். தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒருவழி வால்வு இருக்கும். சேர்த்ததைத் திரும்பிப் போகவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அது ஒழுகினால் ஏற்றத்தில் விளக்குக்குப் பிடிமானம் போய்விடும்.

வால்வைக் கழற்றி, தொட்டிப் பக்கத்து வாயை உன் வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார். நல்ல வால்வானால் நாக்கைக் கவ்விக்கொண்டு விடாது. கெட்டதானால் நாக்கு சும்மா வந்துவிடும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால், ஓட்டை இருக்கிற இடத்தில் நுரையை உள்ளே இழுக்கும். மாட்டுக் கொட்டகையில் நான் ஊதுபத்திப் புகை காட்டித்தான் பார்ப்பேன். காரில் அந்த வேலை வேண்டாம், பெட்ரோல் இருக்கிற இடம். மாப்பிள்ளையிடம் இரண்டு தடவை சொல்.

மழையில் நனையாதே.
அண்ணன்


மாட்டுப்பட்டி
1 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். மழை விட்டபாடில்லை. கொழுந்துக் கூடையைவிட என் முதுகு அதிகமாக நனைகிறது.

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தோம். தொட்டி எங்கே என்று தேடினால், காரின் முன்பக்கச் சட்டமே உள்ளே குழலாக இருந்து அதுதான் தொட்டியாம். வால்வைக் கழற்றினார். அவர் மீசைக்காரர், வாய் சரியாகப் பொருந்தவில்லை என்று என்னிடம் தந்தார். ரிசார்ட்டு ஷெட்டில் நான் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் விறகுக்கட்டோடு வந்தார் சாந்தம்மாள் அக்கா. "அடி இவளே, காளி மாதிரி நிக்குற!" என்று கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நாக்கு ஒட்டவே இல்லை, அண்ணா. வால்வுதான் போயிருக்கிறது.

புதியது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ரிஜோ சார் ஓணத்துக்குள் வண்டி ஓட வேண்டும் என்கிறார். என் வீட்டுக்காரருக்குத் தூக்கமே இல்லை. இந்த வேலையும் போனால் இவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் ஏதாவது உண்டா?

கற்பகம்


மீனாட்சிபுரம்
8 ஜூலை 2024

அம்மிணிக்கு,

அண்ணன் நலம். இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. கறவை மெஷினில் போடுகிற ஒருவழி வால்வு. சின்ன டப்பாவுக்குள் ரப்பர் நாக்கு ஒன்று இருக்கும். அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும், மாற்றி மாட்டினால் மாப்பிள்ளை மறுபடியும் தூங்க மாட்டார். குழாய் அளவு ஒத்துவராவிட்டால் கிளிப் வைத்து முறுக்கச் சொல்.

எங்கள் கொட்டகைகளில் இது காலையும் மாலையும் விடாமல் உழைக்கிற சாமான். பசுவுக்கு நம்பி வைப்பதை விளக்குக்கு வைக்கக் கூடாதா? நான் கைப்பட அடைத்துப் பார்த்து அனுப்புகிறேன். தைரியமாக மாட்டுங்கள்.

அந்த சாந்தம்மாளிடம், கார் பால் கறந்தால் அவர்களுக்கும் ஒரு படி உண்டு என்று சொல்.

அண்ணன்


மாட்டுப்பட்டி
25 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம், சுகம், சுகம்! மாட்டியாயிற்று. ஏற்றத்தின் உச்சி வரை மிதித்துக்கொண்டே போனார். விளக்கு குனியவே இல்லை! ரிஜோ சார் அவர் தோளில் தட்டி, "ராஜசேகர் இல்லாட்டி இந்தக் கார் வெறும் இரும்பு" என்றாராம். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். பாக்டரி போன பிறகு இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சாந்தம்மாள் அக்காவை பக்கத்து சீட்டில் உட்கார வைத்து எங்கள் லயத்து வீடுகளின் வாசல் வரை கொண்டுவந்து இறக்கினார். அக்காவின் மகள் இந்து போட்டோ எடுத்தாள். அக்கா இறங்கும்போது விளக்கின் தலையைத் தடவி, "ஒங்க அண்ணன் மகராசனா இருக்கணும்" என்றார். அதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஓணத்துக்கு வாருங்கள். நீங்களும் ஏறிப் பார்க்க வேண்டும்.

கற்பகம்


மீனாட்சிபுரம்
28 செப்டம்பர் 2024

அம்மிணி கற்பகத்துக்கு,

அண்ணன் எழுதுவது. ஓணத்துக்கு வர முடியவில்லை. இங்கே இரண்டு கொட்டகைகளில் பம்ப் மாற்றும் வேலை. கோபமா? மன்னிப்புக் கேட்டு நான் எழுதியதற்கும் பதில் இல்லை. பால் சொசைட்டி செயலாளரின் போனிலிருந்து உன் நம்பருக்கு அடிக்கச் சொன்னேன். நீ எடுக்கவில்லை என்றார். திரும்பவும் அடிக்கச் சொன்னேன், அப்போதும் இல்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது. கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அண்ணன்


மாட்டுப்பட்டி
6 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

சாந்தம்மாள் அக்கா செத்துப்போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஓட்டிய கார்தான் அடித்தது. ஓணம் முடிந்த வாரம். விருந்தாளியைக் கூட்டிவர வட்டவடைப் பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரம், மூடுபனி. லயத்துக்கு மேலே இருக்கிற கொண்டை ஊசி வளைவில் அக்கா விறகுக்கட்டோடு இறங்கி வந்திருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

எதிரே ஜீப்பில் வந்த சிலுவைராஜ், "கார்ல லைட்டே இல்ல, கல்லு மாதிரி வந்துச்சு" என்று போலீசில் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. வண்டியைச் சோதித்த அதிகாரி நிற்க வைத்தே இன்ஜினை ஓட்டி ஸ்விட்சை இழுத்தார். விளக்கு இரண்டும் அழகாக எழும்பி எரிந்தன. விபத்து நடந்த இடத்தில் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது என்று எழுதிவிட்டார்கள். விளக்கைப் போடாமல் ஓட்டினான், பெட்ரோலை மிச்சம் பிடித்தான், குடித்திருந்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டேன் புள்ள. வளைவுல மங்குன மாதிரி இருந்துச்சு, பனின்னு நெனச்சேன்" என்றார். அடுத்த வாரம், "போட்டேன்னுதான் நெனைக்கேன்" என்றார். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, "போடாம இருந்திருப்பேனோ?" என்று என்னிடமே கேட்கிறார். சோறு இறங்கவில்லை. பின்பக்கம் போனால்கூட நான் கூடவே போகிறேன். கயிறு, மருந்து எதையும் வீட்டில் வைக்கவில்லை.

இந்து மட்டும் வந்தாள், அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை. "மாமா லைட்டு போடாம வரமாட்டாக அத்த, எனக்குத் தெரியும்" என்றாள். அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணா, அவர் போட்டாரா இல்லையா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். அவருக்கு அதைக் காட்டினால் பிழைத்துக்கொள்வார்.

கற்பகம்


மீனாட்சிபுரம்
13 அக்டோபர் 2024

என் அம்மிணிக்கு,

படித்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அந்த மகராசி என்னை வாழ்த்தியவர். அவர்கள் பிள்ளை முகத்தில் நீ எப்படித்தான் விழிக்கிறாயோ.

மாப்பிள்ளையைத் தனியாக விடாதே. இதை அவருக்குப் படித்துக் காட்டு. வண்டியை நிற்க வைத்துப் பார்த்த சோதனை சோதனையே அல்ல. நிற்கும்போது இழுப்பு இருக்கும், விளக்கு எழும்பத்தான் செய்யும். ஏற்றத்தில் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்ததையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி நின்றதும் விளக்கை அணைத்துச் சாவியை எடுப்பது டிரைவருக்குக் கைப்பழக்கம். உயிர் போகிற நேரத்திலும் கை அதைச் செய்யும், மனதுக்குத் தெரியாது.

கார் ரிசார்ட்டுக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் அந்த வால்வைக் கழற்று. முன்பு செய்த மாதிரி நாக்கு வைத்துப் பார். பிறகு டப்பாவைத் திறந்து உள்ளே இருக்கிற ரப்பரை விரலால் தொடு. ஊறி மெத்தென்று இருக்கிறதா, விரலில் கறுப்பு ஒட்டுகிறதா, வாயில் பெட்ரோல் வாடை வந்ததா என்று எழுது. ஏன் கேட்கிறேன் என்று இப்போது கேட்காதே. கோர்ட்டுத் தேதியையும் எழுது.

அண்ணன்


மாட்டுப்பட்டி
10 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். வால்வு நன்றாக இருக்கிறது. நாக்கு ஒட்டியது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை, வாடையும் இல்லை. வேறு எங்கேயாவது குழாயில் கோளாறாக இருக்கும்.

அவர் இப்போது கொஞ்சம் பரவாயில்லை, சாப்பிடுகிறார். கோர்ட்டுத் தேதி இன்னும் போடவில்லை. நீங்கள் அலைய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பகம்


மீனாட்சிபுரம்
20 நவம்பர் 2024

அம்மிணிக்கு,

பிறந்ததிலிருந்து உனக்குப் பொய் சொல்ல வராது. 'நாங்கள் நலம்' என்று எழுதியிருக்கிறாய். எப்போதும் 'சுகம்' என்று எழுதுகிற ஆளாயிற்றே நீ?

நாக்கு ஒட்டியிருக்க வழியே இல்லை. உனக்கு அனுப்பிய கட்டிலேயே இன்னும் சில வால்வுகள் என்னிடம் இருந்தன. உன் அக்டோபர் கடிதம் வந்த அன்றைக்கே ஒன்றை எடுத்துப் பெட்ரோல் ஊற்றிய பாட்டிலில் போட்டு மூடி வைத்தேன். இன்று எடுத்துப் பார்த்தேன். ரப்பர் ஊறி, உப்பி, ஓரம் சுருண்டு கிடக்கிறது. தொட்டால் மை மாதிரி ஒட்டுகிறது. காற்று போகிற வழியை மூடவே மாட்டேன் என்கிறது. இன்ஜின் சூட்டில், பெட்ரோல் ஆவியில் உன்னுடையது இதைவிடச் சீக்கிரம் போயிருக்கும்.

பால் ரப்பரில் எண்ணெய் படக் கூடாது. மடிக்கு எண்ணெய் தடவினால்கூடத் துடைத்துவிட்டுத்தான் மெஷின் வைப்போம். எங்களுக்குள் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியதே இல்லாத விஷயம். அதனால்தான் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பெட்ரோல் பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தாதே என்று எழுதிய கை, அதே பெட்ரோலில் இந்த ரப்பரை வைக்காதே என்று எழுதவில்லை. நெருப்பைப் பற்றித்தான் யோசித்தேன்.

மாப்பிள்ளை விளக்கைப் போட்டார். ஏற்றத்தில் அது மூடிக்கொண்டது. மூடவைத்தது நான் அனுப்பிய சாமான். பாட்டிலோடு வந்து கோர்ட்டில் நின்று சொல்கிறேன். காது கேட்காவிட்டால் என்ன, வாய் இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை வழியாக வந்துவிடுவேன். தேதியை மட்டும் எழுது. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், கற்பகம்.

அண்ணன்


மாட்டுப்பட்டி
2 டிசம்பர் 2024

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது கோர்ட்டு முடிந்திருந்தது. தேதி எனக்கு முன்பே தெரியும். நீங்கள் வரக் கூடாது என்றுதான் எழுதவில்லை. என்னை அடிக்க வேண்டும் என்றால் வந்து அடியுங்கள்.

ஷெட்டின் சாவியை ரிஜோ சார் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். தனியாகத்தான் போனேன். நாக்கு ஒட்டவில்லை. வாயெல்லாம் பெட்ரோல். அதே இடத்தில் விறகுக்கட்டைப் போட்டுவிட்டு அக்கா சிரித்தது ஞாபகம் வந்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ரப்பரைத் தொட்ட விரலை எத்தனை கழுவியும் கறுப்பு போகவில்லை.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். உங்கள் அக்டோபர் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் போட்டிருக்கேன்" என்றார். "போட்டிருக்கேன் புள்ள" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சோறு கேட்டுச் சாப்பிட்டார். பிழைத்துவிட்டார் என்று நினைத்து நான் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தேன்.

சாப்பிட்டு எழுந்ததும் வால்வை எடுத்து அடுப்பில் போட்டார். தடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். லயம் முழுக்க ரப்பர் நாற்றம். "மச்சானுக்குக் காதும் போச்சு. கையில ஒரு தொழில்தான் மிச்சம். இது வெளிய தெரிஞ்சா யாரு தன் மாட்டைத் தொட விடுவான்? வால்வு நல்லாருக்குன்னு எழுது" என்றார். மாட்டு மெஷின் சாமானைக் காரில் மாட்டியது தெரிந்தால் இந்துவுக்கு வர வேண்டிய இன்சூரன்ஸும் வராது என்று வக்கீலும் சொல்லியிருந்தார். நான் என் வீட்டுக்காரர் காலில் விழுந்தேன். கேட்கவில்லை. பிறகுதான் அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன்.

தேவிகுளம் கோர்ட்டில், "லைட்டு போட மறந்துட்டேன்" என்று சொன்னார். குரல் நடுங்கவே இல்லை, அண்ணா. போட்டோமா இல்லையா என்று தெரியாத வரைக்கும் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. போட்டோம் என்று தெரிந்த பிறகுதான் போடவில்லை என்று சொன்னார். ஒரு வருஷம் ஜெயில் போட்டிருக்கிறார்கள். போலீஸ் வண்டியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, மச்சானுக்கு எழுதிவிட்டாயா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவரிடம் போய் எப்படிச் சொல்லப் போகிறேன்?

நேற்று தண்ணீர்க் குழாயடியில் இந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை நாளும் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் அவள்தான். குடத்தை வைத்து நிரப்பினாள். பிறகு கேட்டாள். "மாமாவே ஒத்துக்கிட்டாகளாம். நெசந்தானா அத்த? லைட்டுகூடப் போடாமயா எங்கம்மா மேல ஏத்துனாக?"

ஆமாம் என்று சொன்னேன்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இனி வர மாட்டாள்.

பாட்டிலைக் கொட்டிவிடுங்கள், அண்ணா. யாராவது கேட்டால் நீங்களும் ஆமாம் என்றே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
கற்பகம்